கண்ணுக்குத் தப்பிய கடிபூச்சி: நீலநாக்கு நோயின் வரலாற்றில் கூலிகாய்டஸ்

தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் செம்மறி வளர்த்தவர்களிடம் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வழக்கம் இருந்தது. கோடை மழை பெய்து பள்ளங்களில் ஈரம் தேங்கும் மாதங்களில், பொழுது சாய்வதற்குள் மந்தையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிவிடுவார்கள். கொட்டகை உள்ளவர்கள் ஆடுகளை உள்ளே அடைத்துவிடுவார்கள். முதல் உறைபனி விழுந்துவிட்டால் அந்த ஆண்டுக்குப் பயமில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும். நீலநாக்கு நோய் இரவில், தாழ்ந்த நிலத்தில், ஈரக் காலத்தில் வரும் என்ற இந்த அறிவுக்குள் நோயைப் பரப்பும் உயிரியின் பழக்கவழக்கம் ஏறக்குறைய முழுதாக அடங்கியிருந்தது. அந்த உயிரி எதுவென்று ஆய்வு நிறுவியதோ 1944இல்தான்.

இந்தத் தாமதத்துக்குக் கருவிகள் இல்லாததை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. நோய் எதில் பளிச்சென்று தெரிந்ததோ அதையே ஆய்வும் பின்தொடர்ந்தது. செம்மறி துடித்ததால் செம்மறியைப் பார்த்தார்கள், பக்கத்தில் நலமாக மேய்ந்த மாட்டை விட்டுவிட்டார்கள். கொசுவைப் பலர் சந்தேகித்தார்கள், அதைவிடச் சிறியதைத் தேடவில்லை. பிறகு ஒரே ஒரு பூச்சியினத்தைப் பிடித்துக்கொண்டு அதன் எல்லையை நோயின் எல்லையாக வரைந்தார்கள். இந்தப் பிழை மூன்று கட்டங்களில் எப்படி உருவானது, எப்படி உடைந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கூலிகாய்டஸ் பேரினத்துப் பூச்சிகள் 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உள்ளவை. உலகெங்கும் 1,300க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. பெண் மட்டுமே இரத்தம் குடிக்கும். முட்டை வளர்ச்சிக்கு அந்த இரத்தம் தேவை. சாணமும் சிறுநீரும் கலந்த சேறு, நீர்த்தொட்டியின் கசிவு, வாய்க்கால் ஓரத்துச் சகதி ஆகியவற்றில் புழுக்கள் வளரும். பெரும்பாலான இனங்கள் அந்தி முதல் விடியல் வரை கடிக்கும். சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள்ளேயே இவற்றால் நுழைந்துவிட முடியும்.

கேப்பில் நோய் வெளிப்பட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. நச்சுயிரி அங்கே காட்டு அசைபோடும் விலங்குகளிடமும் உள்ளூர்க் கால்நடைகளிடமும் ஓசையின்றிச் சுழன்று கொண்டிருந்திருக்க வேண்டும். நாட்டுக் கொழுப்புவால் செம்மறிகள் அதைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. 1789இல் ஸ்பெயின் வழிவந்த மெரினோ ஆடுகள் வந்து சேர்ந்தன. 19ஆம் நூற்றாண்டில் கம்பளி வணிகம் பெருகியபோது மெரினோ மந்தைகளும் பெருகின. அவற்றுக்குக் காய்ச்சல் கண்டது. உதடும் முகமும் வீங்கின. மூக்குச் சளி காய்ந்து அடைத்தது. குளம்பின் மேல்விளிம்பு சிவந்து நொண்டின. சிலவற்றின் நாக்கு நீலம் பாரித்தது. ஆகவே இதை ஆட்டு நோயாக மட்டும் காண்பது வெளியிலிருந்து கொண்டுவந்த ஓர் இனத்தின் வழியாகப் பிறந்த பார்வை. குடியேற்றப் பொருளாதாரம் எதை விலைமதிப்புள்ள விலங்காகக் கொண்டதோ அதன் உடலில்தான் நோய் எழுதிப் படிக்கப்பட்டது.

கேப் அரசின் கால்நடை மருத்துவர் டங்கன் ஹட்ச்சியன் 1880களில் தொடங்கி இந்நோயைப் பற்றி எழுதினார். 1902இல் அவர் வெளியிட்ட கட்டுரை இதை மலேரியா வகைக் காய்ச்சலாகக் கருதியது. சதுப்பையும் இரவுக் காற்றையும் மலேரியாவோடு இணைத்துப் பார்த்த காலம் அது. 1905இல் ஜேம்ஸ் ஸ்ப்ரூல் விரிவான விளக்கம் தந்து, விவசாயிகள் வழங்கிய நீலநாக்கு என்ற பெயருக்கே அறிவியல் எழுத்தில் இடம் கொடுத்தார். மறு ஆண்டு, சுவிட்சர்லாந்தில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய ஆர்னால்டு தைலர், நோய்க்காரணி பாக்டீரியா வடிகட்டியைக் கடந்துபோகும் நச்சுயிரி என்று காட்டினார். 1908இல் பிரிட்டோரியாவுக்கு அருகே ஒண்டர்ஸ்டெபோர்ட் ஆய்வகம் அவர் தலைமையில் எழுந்தது. நோய்க்காரணி இப்படிச் சீக்கிரமே பிடிபட்டது. அதைச் சுமப்பது எதுவென்று தெரிய இன்னும் 38 ஆண்டுகள் ஆயின.

இங்கே குதிரைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கக் குதிரை நோய் 1719இல் கேப்பில் சுமார் 1,700 குதிரைகளைக் கொன்றது. 1854–55 கொள்ளைநோயில் ஏறத்தாழ 70,000 குதிரைகள் மாண்டன. குதிரை என்றால் அன்று போக்குவரத்தும் போரும். எனவே பணமும் கவனமும் இங்கேதான் முதலில் வந்தன. நட்டாலில் வாட்கின்ஸ்-பிட்ச்ஃபோர்டு என்ற கால்நடை மருத்துவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பூச்சி புகாதபடி வலையடித்த லாயத்தில் இரவைக் கழிக்கும் குதிரைகளுக்கு நோய் வருவதில்லை என்று காட்டினார். பரப்புவது இரவில் பறக்கும் பூச்சி என்பது இதனால் உறுதிப்பட்டது; ஆனால் பூச்சி என்றதும் எல்லோர் மனமும் கொசுவுக்குப் போனது. ரொனால்டு ராஸ் மலேரியாவை அனாஃபிலிஸ் கொசுவோடு இணைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1930களில்கூட ஒண்டர்ஸ்டெபோர்ட்டில் கொசுக்களை வைத்தே சோதனைகள் நடந்தன. தெளிவான விடை கிடைக்கவில்லை.

அந்தச் சோதனைகளில் பங்கெடுத்த டு டாயிட் என்ற பூச்சியியலாளரே பின்னர் கொசுவை விட்டு விலகினார். விளக்குப் பொறி வைத்து இரவில் கூலிகாய்டஸ் பூச்சிகளைத் திரட்டி, அரைத்து, செம்மறிக்குள் ஊசி வழி செலுத்தினார். ஆட்டுக்கு நீலநாக்கு வந்தது. நோயுற்ற ஆட்டைக் கடித்த பூச்சியை நலமான ஆட்டைக் கடிக்கவிட்டும் நோயைக் கடத்திக் காட்டினார். 1944இல் வெளியான அந்தச் சிறு அறிக்கை குதிரை நோய்க்கும் இதே பேரினத்தை இணைத்தது. அவர் கையாண்ட முக்கிய இனம் இன்று கூலிகாய்டஸ் இமிகோலா என வழங்குகிறது. அது கட்டடத்துக்குள் நுழையத் தயங்கும் இனம். கேப் விவசாயிகளின் கொட்டகை ஆடுகளைக் காத்தது இதனால்தான். அமெரிக்காவில் அங்குள்ள வேறொரு கூலிகாய்டஸ் இனம் ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நோயைக் கடத்துவது 1963இல் சோதனையில் நிறுவப்பட்டது. ஒரே கடமையை வெவ்வேறு நிலத்தில் வெவ்வேறு இனம் செய்யலாம் என்பதற்கு இதுவே போதுமான சான்று. பின்னால் ஐரோப்பா இதை நினைவில் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாட்டின் பங்கு தெளிவாகவும் காலம் பிடித்தது. நச்சுயிரி சிவப்பணுக்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு எதிர்ப்புப் புரதங்களிடமிருந்து மறைந்திருக்கிறது. மாட்டின் இரத்தத்தில் அது வாரக்கணக்கில் நீடிக்கும். பன்னாட்டுக் கால்நடை வணிக விதிகள் தொற்றுக்காலத்தை 60 நாளாகக் கணக்கிடுகின்றன. மாடு பெரும்பாலும் நோய்க்குறி காட்டாது. பல கூலிகாய்டஸ் இனங்களோ ஆட்டைவிட மாட்டையே விரும்பிக் கடிக்கும். ஆக, செம்மறிக்கு மட்டும் தடுப்பூசி போடும் ஊரில் மாட்டுத் தொழுவம் நச்சுயிரியின் சேமிப்புக் கிடங்காகவே தொடர்கிறது.

தடுப்பூசியிலும் இதே கதை. தைலர் ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நச்சுயிரியைத் தொடர்ந்து கடத்தி, வீரியம் குறைந்த இரத்தத் தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார். 1907 முதல் சுமார் 40 ஆண்டுகள் அதுவே புழக்கத்தில் இருந்தது. போட்ட ஆடுகளுக்கும் நோய் வந்துகொண்டே இருந்தது. காரணத்தை 1948இல் நெய்ட்ஸ் என்ற ஆய்வாளர் விளக்கினார்: நச்சுயிரி ஒன்றல்ல, பல வகைகள் உள்ளன, ஒரு வகைக்குப் பெற்ற எதிர்ப்பு இன்னொன்றைத் தடுக்காது. பிறகு பல ஆண்டுகள் 24 வகைகள் என்று எண்ணினார்கள். இன்று அந்த எண்ணிக்கை அதைத் தாண்டிவிட்டது.

ஆப்பிரிக்காவுக்கு வெளியே நோய் 1943இல் சைப்ரஸில் உறுதியாக அறியப்பட்டது. டெக்சஸில் 1948இல் கண்ட வாய்ப்புண் நோய் இதுவே என்று 1952இல் கலிபோர்னியாவில் நச்சுயிரியைப் பிரித்தபின் புரிந்தது. 1956இல் போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் முதல் நான்கு மாதங்களில் ஏறத்தாழ 1,80,000 செம்மறிகள் மாண்டன. பிறகு ஐரோப்பா ஓய்ந்தது. நோய்க்குத் தெற்கே 35 பாகை, வடக்கே 40 பாகை என்று ஒரு பட்டை வரையப்பட்டது. ஐரோப்பாவில் அதன் வட எல்லை இமிகோலா வாழும் எல்லையோடு ஒத்துப்போனது. அங்குதான் மூன்றாவது பிழை குடிகொண்டது. 1970களின் இறுதியில் சைப்ரஸில் வட ஐரோப்பாவிலும் பரவலாக வாழும் கூலிகாய்டஸ் அப்சோலெட்டஸ் என்ற இனத்திலிருந்தும் நச்சுயிரி பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. அந்தத் தகவல் ஆய்விதழில் இருந்தது. ஆனால் எல்லைக் கோட்டை அது நகர்த்தவில்லை.

1998க்குப் பிறகு பல வகைகள் மத்தியதரைக் கடலைச் சுற்றி ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. 2005 வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட செம்மறிகள் இறந்தன. இமிகோலா வடக்கே பரவியிருந்தது உண்மை. வெப்பமயமாதலோடு அதை இணைத்த ஆய்வுகள் வலுவானவை. ஆனால் அதுவும் முழு விடையல்ல என்பதை 2006 ஆகஸ்டு காட்டியது. நெதர்லாந்தின் தென்கோடியில், மாஸ்ட்ரிக்ட் நகரை ஒட்டிய பண்ணைகளில், எட்டாம் வகை நச்சுயிரி தென்பட்டது. சகாராவுக்குத் தெற்கே உள்ள நச்சுயிரிகளோடு அதன் மரபு ஒத்திருந்தது. அதே பருவத்தில் பெல்ஜியம், ஜெர்மனி, லக்சம்பர்க், வட பிரான்சு எல்லாம் தொற்றின. அங்கே இமிகோலா இல்லை. கடித்தவை அப்சோலெட்டஸ் குழுவும், மாட்டுச் சாணத்தில் இனம்பெருக்கும் தேவுல்ஃபி, கையோப்டெரஸ் போன்ற உள்ளூர் இனங்களும்தான்.

அந்த ஆண்டு ஜூலை வழக்கத்துக்கு மீறிய வெப்பம் கொண்டது. பூச்சியின் உடலுக்குள் நச்சுயிரி பெருகும் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது: 12 பாகை செல்சியசுக்குக் கீழே அது ஏறத்தாழ நின்றுவிடும், 25ஐ நெருங்கினால் பத்து நாளுக்குள் கடிக்கும் பூச்சி தொற்றுத்திறன் பெறும். ஆகவே பூச்சி இடம்பெயர வேண்டிய தேவையே இல்லை. அங்கேயே இருந்த பூச்சிக்கு வெப்பம் ஒரு புதிய திறனைக் கொடுத்துவிட்டது. குளிர்காலம் நோயைத் துடைத்துவிடும் என்ற நம்பிக்கையும் 2007இல் பொய்த்தது. கருவில் இருக்கும் கன்றுக்கு நச்சுயிரி கடப்பது இந்த வகையில் காணப்பட்டது. அது பனிக்காலத்தைத் தாண்ட உதவிய வழிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 2007 ஆகஸ்டு 4–5 இரவில் காற்று பூச்சிகளைக் கடல் கடத்தி இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இறக்கியதாக வானிலை ஆய்வு கணக்கிட்டது. செப்டம்பரில் இப்ஸ்விச் அருகே முதல் மாடு உறுதியானது. காற்றைப் பற்றிய இந்தச் சிந்தனை புதிதல்ல. இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வகத்தின் செல்லர்ஸும் அவருடைய சகாக்களும் 1970களிலேயே இந்த வழியில் ஆராய்ந்திருந்தனர். 2008இல் செயலிழக்கச் செய்த நச்சுயிரித் தடுப்பூசியை நாடுகள் பெருமளவில் போட்டன. எட்டாம் வகை அடங்கியது. 2015இல் பிரான்சின் அல்லியே மாவட்டத்தில் ஏறக்குறைய அதே மரபோடு மீண்டும் தலைகாட்டியது. இத்தனை ஆண்டு பரவியிருந்தால் மரபு இன்னும் மாறியிருக்க வேண்டும். உறைநிலையில் வைத்த விந்து போன்ற ஏதோ ஒன்றின் வழியே அது திரும்பியதோ என்ற ஐயம் நியாயமானது.

இந்தியாவில் 1964இல் மகாராஷ்டிரத்தில் நோய் பதிவானது. தொடக்கத்தில் கம்பளி மேம்பாட்டுக்கென இறக்குமதியான ஆடுகளே கடுமையாகத் தாக்கப்பட்டன. 1980கள் முதல் தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகியவற்றின் நாட்டு இனங்களும் மாளத் தொடங்கின. தீபகற்பத்து நாட்டு ஆடு வெளிப்படையாக நோய்ப்படுகிறது. வடஇந்திய நாட்டு ஆடு பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. கேப்பில் மெரினோவுக்கும் கொழுப்புவால் ஆட்டுக்கும் இருந்த வேறுபாட்டை இது ஓரளவு ஒத்திருந்தாலும் முழுதாகப் பொருந்தவில்லை. திருச்சி கருப்பு, இராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர் ஆடுகள் இறக்குமதியானவை அல்லவே. தமிழகத்தில் நோய் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சகதி பெருகும். வயலில் கிடை போடும் ஆடுகள் இரவு முழுதும் திறந்தவெளியில் கிடக்கும். கேப்பைப் போல மேட்டுக்கு ஓட்டச் சொல்வது கிடை ஆடுகளை மேய்க்கும் கீதாரிக்கு உதவாது. கிடை உரத்துக்குக் கிடைக்கும் கூலி அந்தத் தாழ்ந்த வயலில்தான் இருக்கிறது. இமிகோலாவோடு ஆக்சிஸ்டோமா, பெரெக்ரினஸ் போன்ற இனங்களும் இங்கே பொறிகளில் சிக்குகின்றன. நாட்டில் 20க்கும் மேற்பட்ட வகைகள் சுழல்வதற்குச் சான்றுகள் உள்ளன. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டத்தில் பிறந்த தடுப்பூசி 1, 2, 10, 16, 23 என்ற ஐந்து வகைகளைக் கொண்டது. மழைக்கு முன்பே போட்டால் பயன் உண்டு. ஆனால் அந்த மந்தைகளோடு அதே கிராமத்தில் மேயும் மாட்டையும் எருமையையும் கணக்கில் எடுக்காத திட்டம் பாதித் திட்டமே என்பது என் கருத்து.

கூலிகாய்டஸ் சுமப்பது இந்த ஒரு நச்சுயிரியை மட்டுமல்ல. 2011 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் லோஃப்லர் நிறுவனம், பால் குறைந்து காய்ச்சல் கண்ட மாடுகளின் இரத்தத்தில் புதிய நச்சுயிரி ஒன்றைக் கண்டது. முதல் மாதிரிகள் வந்த ஷ்மாலன்பெர்க் ஊரின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. சில மாதங்களில் கால் முடங்கிய, மூளை வளராத ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. 2006இல் எட்டாம் வகையைப் பரப்பிய அதே உள்ளூர்ப் பூச்சிகள் இதற்கும் உதவின.

2023 செப்டம்பரில் நெதர்லாந்தில் மூன்றாம் வகை நீலநாக்கு எழுந்தது. கையில் இருந்த எட்டாம் வகைத் தடுப்பூசி அதற்குப் பயன்படவில்லை. புதியது 2024இல் அவசர அனுமதியோடு வந்தபோது பல்லாயிரம் செம்மறிகள் இறந்துவிட்டிருந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் அங்கே சில மாதிரிகள் நீலநாக்கு என்று உறுதியாகியும் மூன்றாம் வகைச் சோதனைக்கு ஒத்துவரவில்லை. மேலும் ஆராய்ந்ததில் ஐரோப்பா அதுவரை காணாத பன்னிரண்டாம் வகை கிடைத்தது.