மடக்கு (நிரலாக்கம்)

மடக்கு என்பது கணினி நிரலில் சில கட்டளைகளைத் திரும்பத் திரும்ப நிறைவேற்றப் பயன்படும் அமைப்பு ஆகும். ஒரு தொகுப்பிலுள்ள உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துத் தரும் பொருள் இட்டரேட்டர் எனப்படும்.

வகைகள்

மடக்குகள் பொதுவாக இருவகைப்படும். நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை இயங்குவது ஒருவகை. தொகுப்பிலுள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் ஒருமுறை இயங்குவது மற்றொருவகை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் முதல்வகைக்கு "வரை" என்ற சொல்லும், இரண்டாம் வகைக்கு "ஒவ்வொன்றாக" என்ற சொல்லும் குறிச்சொற்களாக உள்ளன. எழில், பைத்தான் மொழியைக் கொண்டு எழுதப்பட்டதாகும்.

எடுத்துக்காட்டு

தருமபுரி மாவட்டத்தின் 5 சட்டமன்றத் தொகுதிகளான பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஆகியன "தொகுதிகள்" என்ற பட்டியலில் இதே வரிசையில் உள்ளன எனக் கொள்க. அவற்றை அச்சிடும் எழில் நிரல் பின்வருமாறு:

@(தொகுதிகள் இல் பெயர்) ஒவ்வொன்றாக
    பதிப்பி பெயர்
முடி

இயங்கும் முறை

பைத்தானில் இட்டரேட்டர் 2001 ஆம் ஆண்டு வெளிவந்த 2.2 பதிப்பில் அறிமுகமானது. பட்டியலின் இட்டரேட்டர் அடுத்து எடுக்கவேண்டிய இடத்தின் எண்ணை மட்டும் நினைவில் வைத்திருக்கும். எண்ணிக்கை 0 இலிருந்து தொடங்கும். மடக்கு கேட்கும்போதெல்லாம் அவ்விடத்து உறுப்பைத் தந்து எண்ணை ஒன்று கூட்டும். உறுப்புகள் தீர்ந்ததும் முடிவுக் குறிப்பை எழுப்பும், மடக்கு நின்றுவிடும். தீர்ந்துபோன இட்டரேட்டரை மீண்டும் பயன்படுத்தினால் எதுவும் கிடைக்காது; புதிதாக ஒன்றைப் பெறவேண்டும்.

பொதுவான பிழை

மடக்கு இயங்கும்போதே அதே பட்டியலிலிருந்து உறுப்புகளை நீக்குவது தவறான விடையைத் தரும். மேற்கண்ட பட்டியலில் "ப" வரிசை எழுத்தில் தொடங்கும் பெயர்களைப் பைத்தான் மடக்கு ஒன்றினால் நீக்குவதாகக் கொள்வோம். 0 ஆம் இடத்திலுள்ள பாலக்கோடு நீக்கப்பட்டதும் பென்னாகரம் அவ்விடத்திற்கு நகர்கிறது. இட்டரேட்டரோ 1 ஆம் இடத்திற்குச் சென்று தருமபுரியை எடுக்கிறது. அடுத்துப் பாப்பிரெட்டிப்பட்டி நீக்கப்பட, அரூர் சோதிக்கப்படாமலேயே மடக்கு முடிகிறது. இறுதியில் பென்னாகரம், தருமபுரி, அரூர் ஆகியவை எஞ்சுகின்றன. பென்னாகரம் நீக்கப்பட்டிருக்க வேண்டும்; அரூர் தப்பியது தற்செயலே. பிழைச்செய்தி எதுவும் தோன்றாததால் இத்தவறு எளிதில் கண்ணில் படுவதில்லை.

பட்டியலின் நகல் மீது மடக்கை இயக்குவதோ, வேண்டிய உறுப்புகளை மட்டும் புதிய பட்டியலில் சேர்ப்பதோ இப்பிழையைத் தவிர்க்கும்.