தகரப்பெட்டிக் கடிதங்களும் பெயர் பெறாத நோயும்

அணுசக்தி நகரின் வீடுகள் அரசுக் குடியிருப்புகள். பணி ஓய்வுக்குப் பின் காலி செய்தாக வேண்டியவை. பரணிலிருந்து தகரப்பெட்டி இறங்குவதும் அப்போதுதான். 1954இல் டிராம்பேயில் தொடங்கி, 1967இல் ஹோமி பாபாவின் பெயர் பெற்ற அணு ஆராய்ச்சி மையத்தின் வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல. அவற்றின் பெட்டிகளில் இன்லண்ட் கடிதங்களும் சாதகக் குறிப்புகளும் மருந்துச் சீட்டுகளும் கலந்து கிடக்கும்.

ஊரிலிருந்து வந்த அத்தகைய கடிதங்களில் மனநோய் தன் பெயரோடு வருவது அரிது. அத்தைக்கு ‘உடம்பு சுகமில்லை’ என்றோ, சித்தப்பாவைக் குணசீலத்தில் நாற்பத்தெட்டு நாள் வைத்திருப்பதாகவோ ஒரு வரி இருக்கும். அடுத்த வரி நெல் விலைக்குப் போய்விடும்.

இதை அறியாமை என்று மட்டும் கொள்ளலாகாது. முதற்காரணம் சொல். ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்பது 1908இல் ஒய்கன் புளூலர் வழங்கிய சொல். அதற்கு வீட்டுத்தமிழில் இணை இல்லை. ‘பித்து’ இருந்தது. அதுவோ உடற்கூறாகிய பித்தத்தையும், நோயையும், சிவனைப் பித்தன் என விளித்த பக்தியையும் ஒருங்கே சுமந்தது. இரண்டாவது காரணம் திருமணம். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் சித்த சுவாதீனமின்மையைத் தடையாக வகுத்தது. 1976ஆம் ஆண்டின் திருத்தம் வலிப்பையும் சேர்த்தது. 1999இல்தான் வலிப்பு நீங்கியது. சட்டம் மணமக்களைப் பற்றியே பேசிற்று; வரன் பார்த்தவர்கள் அதைக் குடும்பம் முழுமைக்கும் விரித்தனர். அஞ்சலட்டையில் எழுதிய ஒரு சொல் தங்கையின் சம்பந்தத்தைக் கலைத்துவிடும். ஆகவே கடிதத்தின் மௌனமும் ஒரு சான்று. யாரைக் காக்க அது பேணப்பட்டது என்பதே கேள்வி.

இதே மும்பையில், மாஹிமின் சிறிய வீடொன்றைக் களமாகக் கொண்டு ஜெர்ரி பின்டோ எழுதிய ‘எம் அண்ட் தி பிக் ஹூம்’ (2012) புதினத்தில் நிலை மாறுகிறது. அங்கே தாயின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் தாராளமாகப் பேசுகின்றன. அவற்றைப் படிக்கும் மகனை ஓர் அச்சம் விடவில்லை: இந்நோய் தனக்கும் வருமோ?

அவ்வச்சத்துக்கு ஓர் அளவு உண்டு. ஸ்கிசோஃப்ரீனியா பொதுமக்களில் சுமார் 1 விழுக்காட்டினருக்கு வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு. அதாவது பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஒரே மரபணு கொண்ட இரட்டையரிலும் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமற்போவது பெருவழக்கு.

எனவே பழங்காகிதங்களைக் கொண்டு இறந்தவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது ஆய்வாகாது. இடப்பெயர்வும் கடனும் பிள்ளையிழப்பும் அதே வரிகளை எழுதவைத்திருக்கக்கூடும். உறுதியான தடயங்கள் வேறு: நோய் தொடங்கிய வயது, மருந்துச் சீட்டில் உள்ள லித்தியம் போன்ற பெயர், அம்மருந்தால் தேறியவர் யார் என்ற குறிப்பு. இவை இன்று சிகிச்சை பெறும் பேரனின் மருத்துவருக்கும் பயன்படும்.

வீடு காலியாகும்போது முதலில் கிழிபடுபவை இக்காகிதங்களே. அன்று ஒரு பெண்ணின் திருமணத்துக்காகக் காத்த மௌனத்தை இன்றும் தொடர்ந்தால், அத்தை எதனால் துன்புற்றாள் என்பதோடு, அவள் யார் என்பதும் பழைய காகிதக்காரரின் தராசில் ஏறிவிடும்.