கூடாரமும் அடுப்பும்

வேட்டைக்குப் போகிறவன் எந்தக் கூடாரத்தை எடுத்துப்போவது, அதற்குள் அடுப்பு வேண்டுமா என்பதெல்லாம் சாமான்கள் பற்றிய விசாரம் என்றுதான் பொதுவாக நினைக்கப்படுகிறது. துணியின் கனம், கம்புகளின் எண்ணிக்கை, புகைக்குழாய் இவற்றோடு விஷயம் முடிந்துவிடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காட்டில் ஓர் இரவைக் கழிக்கும்போது யார் சுமக்கிறார்கள், யார் தீ வளர்க்கிறார்கள், யார் உள்ளே படுக்கிறார்கள் என்பதைக் கூடாரம் அப்படியே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

ரெட்டியார்சத்திரத்தில் இருந்துகொண்டு யோசித்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. திண்டுக்கல்லிலிருந்து பழனி போகிற சாலையில் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று ஊர்ப்பெயர்களே தங்குமிடங்களாக இருக்கின்றன. சமவெளியில் கூரை ஓரிடத்தில் நிற்கும். மனிதன் வந்து தங்கிப் போவான். கன்னிவாடிக்கு அப்பால் எழும்பி நிற்கும் மலைமேல் இந்த ஏற்பாடு செல்லாது. அங்கே கூரையும் கூடவே போக வேண்டும். அதைத் தூக்க ஆள் வேண்டும்.

தமிழில் காட்டுக் கூடாரம் பற்றிய பழைய, மிகத் துல்லியமான சித்திரம் முல்லைப்பாட்டில் இருக்கிறது. அது வேட்டைக்கானதல்ல, போர்ப் பாசறை. ஆனாலும் நம் கேள்விக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 103 அடிகள் மட்டுமே கொண்ட இப்பாட்டை எழுதிய நப்பூதனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகர் ஒருவரின் மகன். வியாபாரி வீட்டுப் பிள்ளைக்குச் சாமான்களின் மேல் ஒரு கண் இருக்கத்தானே செய்யும். முள்வேலி, ஊன்றிய கம்பு, இழுத்துக் கட்டிய கயிறு, திரைச்சீலையால் பிரிக்கப்பட்ட இரண்டு அறைப் படுக்கை, யவனக் காவலர், விளக்கேற்றும் பெண்கள், நேரம் சொல்ல நீர்க்கடிகை என்று ஒன்றுவிடாமல் சொல்கிறார். இவ்வளவுக்கும் முன்னால், ஒரே அடியில், வேட்டுவர்களின் சிறுவாயில் அரண்கள் அழிக்கப்படுகின்றன. அந்த இடம் அவர்களுடையதாக இருந்தது.

1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றினார். 1903இல் மறைமலையடிகளின் முல்லைப்பாட்டு ஆராய்ச்சி வந்தது. தலைவியின் காத்திருப்பு, அரசனின் தூக்கமின்மை, கார்கால வர்ணனை இவை பற்றி நம் வகுப்பறைகளில் பேசப்படாதது எதுவும் மிச்சமில்லை. இடிக்கப்பட்ட அந்த அரணின் பக்கம் நம் ரசனை திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதே இரண்டு அறை, அதே திரைச்சீலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரனோடு காடுகளுக்குள் நுழைகிறது. 1821இல் வார்ட் பழனி மலையை அளந்தார். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். பேரிஜம் பக்கத்தில் ஃபோர்ட் ஹாமில்டன் என்ற பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் டக்ளஸ் ஹாமில்டன், 1844க்கும் 1870க்கும் இடையே எழுதிவைத்த வேட்டைக் குறிப்புகளை அவர் சகோதரர் 1892இல் லண்டனில் புத்தகமாக்கினார். இந்த வர்க்கத்தாரின் வசதிக்கென்று உருவானது சுவிஸ் காட்டேஜ் கூடாரம். இரட்டைக் கூரை, நடுவில் காற்று, முன்னால் தாழ்வாரம், பின்னால் குளியலறை. ராணுவக் கூடாரங்களுக்கோ எடையே பெயர்: 40 பவுண்டு, 80 பவுண்டு, 180 பவுண்டு. பேங்க்கில் கணக்கெழுதிப் பிழைப்பவன் என்பதால் இந்த எண்கள்தான் முதலில் என் கண்ணில் படுகின்றன. 80 பவுண்டு என்றால் 36 கிலோ. மழையில் நனைந்தால் இன்னும் கூடும். உள்ளே படுக்கிறவன் தன் வீட்டைச் சுமக்கிறவனின் முதுகை வைத்துப் பெயரிட்டிருக்கிறான் என்பது அவனுக்கே தெரிந்திருக்காது. 1830களின் இறுதியில் ஜபல்பூரில் பிடிபட்ட தக்கர்களை வைத்துத் தொழிற்கூடம் நடத்தி, அங்கே கூடாரமும் தைக்கவைத்தார்கள். வழிப்போக்கர்களின் கழுத்தை நெரித்த கைகள் வழிப்போக்கர்களுக்குக் கூரை தைத்தன.

அடுப்பு எங்கே இருந்தது? வெளியே, தனிச் சமையல் கூடாரத்தில். உஷ்ண தேசம், அதனால் அப்படி என்பார்கள். 2000 மீட்டருக்கு மேலே மார்கழி இரவில் உறைபனி விழும் மலைக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. தீயின் பக்கத்தில் விழித்திருக்க ஆட்கள் இருந்தார்கள், அதனால் அடுப்பு வெளியே இருந்தது என்பதே என் அபிப்பிராயம். வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடியினரின் டீபியில் தீ நடுவில் எரியும். புகை உச்சியில் வெளியேறும். தீ வளர்ப்பவளும் தூங்குபவளும் அங்கே ஒருத்தியே. அதைப் பார்த்து சிப்லி என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி கூம்புக் கூடாரம் ஒன்றை அமைத்து 1856இல் காப்புரிமை வாங்கினார். குழாய் வைத்த தகர அடுப்பொன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. வேட்டைக்காரர்கள் இன்று வாங்கும் அடுப்புக் கூடாரங்களுக்கு முன்னோடி இதுதான்.

பழனி மலையின் பளியர் புல்குடிசையிலும் மரப்பரணிலும் குகையிலும் தங்குவதாக 1906இல் ஃபிரான்சிஸ் தொகுத்த மதுரை கெஜட்டியர் சொல்கிறது. இதை இல்லாமையின் பட்டியலாகப் படிப்பது சுலபம். பாறை ஒதுக்கின் வாயிலில் தீ மூட்டினால் புகை வெளியே போகும். சூட்டை வாங்கிய கல் விடியும்வரை அதைத் திருப்பித் தரும். கூடாரமும் அடுப்பும் சேர்ந்து செய்யும் வேலை இதுவே. இங்கே யாரும் எதையும் சுமக்கவில்லை.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைப் பயணம் நம் நாட்டில் முடிந்துபோனது. மலையேறுகிறவர்களுக்குத் தேர்வு மட்டும் பாக்கியிருக்கிறது. தன் முதுகில் தானே தூக்கக்கூடியதுதான் தனக்கான கூடாரம். அடுப்பை உள்ளே வைப்பதானால் தீப்பிடிக்காத வளையத்தின் வழியே குழாய் கூரைக்கு மேலே போக வேண்டும். கீழே காற்று நுழைய வழி வேண்டும். கரிச்சட்டியை உள்ளே வைத்துத் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது; தூங்குகிறவன் எழுந்திருக்கமாட்டான்.

இந்த விதிகளைச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். முல்லைப்பாட்டை வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது நம் வேலை. திரைச்சீலைக்கு உள்ளே தூங்காமலிருக்கும் ஒருவனைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டோம். முள்வேலிக்கு வெளியே, அரண் இழந்து, அந்த இரவில் எங்கோ தீ மூட்டியிருக்கக்கூடியவர்களைப் பற்றிய உரை இன்னும் எழுதப்பட வேண்டும்.