மயக்க மருந்துக் கருவிகளின் பாதுகாப்புச் சோதனை

அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்துக் கருவி சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் முறையும், அதைக் காலமுறைப்படி பராமரிக்கும் பணியும் இத்தலைப்பில் அடங்கும். ஏற்காடு போன்ற மலையூர்களில் இச்சோதனையின்போது காற்றழுத்தத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வரலாறு

1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் பொதுவெளியில் செய்துகாட்டப்பட்டது. அடுத்த மார்ச்சிலேயே கல்கத்தாவில் அது பயன்பாட்டுக்கு வந்தது. 1847இல் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ, வெப்பநிலை மாறினால் ஈதர் ஆவியின் செறிவும் மாறும் என்பதை உணர்ந்து, நீரால் வெப்பத்தைச் சீராக்கும் கருவியை அமைத்தார். 1917இல் ஹென்றி பாயில் உருவாக்கிய கருவியின் வழிவந்தவை இந்திய அறுவை அரங்குகளில் இன்றும் ‘பாயில்ஸ் மெஷின்’ என்றே அழைக்கப்படுகின்றன.

பின்வந்த பாதுகாப்புகள் பலவும் விபத்துகள் கற்பித்தவை. ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரை மாட்டிவிடாதபடி, வாயுவுக்கேற்ப ஊசிகளின் இடத்தை மாற்றும் முறை 1950களில் பரவியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1986இல் கருவிச் சோதனைப் பட்டியலை வகுத்தது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும் இச்சோதனை இடம்பெற்றது.

அன்றாடச் சோதனை

முதலில் பார்க்க வேண்டியது, கருவி பழுதானால் கையால் மூச்சுக் கொடுக்க ஆம்பு பை தயாராக இருக்கிறதா என்பதே. அடுத்து மாற்று ஆக்சிஜன் சிலிண்டர், உறிஞ்சு கருவி, எச்சரிக்கை ஒலி, கரியமில வாயுவை உறிஞ்சும் சோடாலைமின் நிறம் ஆகியவை பார்க்கப்படும். கசிவறிய, மூச்சுச் சுற்றின் வாயை அடைத்து 30 செ.மீ. நீரழுத்தம் வரை ஏற்றுவர். 10 விநாடி அந்த அழுத்தம் குறையாமல் நிற்க வேண்டும்.

ஊசி முறை, தவறான சிலிண்டரைப் பொருத்துவதைத் தடுக்கும். உள்ளே இருக்கும் வாயு எதுவென்று அதனால் சொல்ல முடியாது. 2011இல் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஸ் ஆக்சைடு செலுத்தப்பட்ட பெண் பின்னர் இறந்தார். அவரது குடும்பத்துக்கு இழப்பீடு வழங்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. நோயாளிக்குச் செல்லும் வாயுவையே அளந்து இத்தகைய பிழையைக் காட்டித்தரும் கருவி ஆக்சிஜன் அளவி.

சேர்வராயன் மலையின் உயரத்தில்

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. கடல்மட்டத்தில் 760 மி.மீ. பாதரசமாக உள்ள காற்றழுத்தம் ஏற்காட்டின் உயரத்தில் ஏறக்குறைய 635 ஆகக் குறையும். மின்வேதி ஆக்சிஜன் அளவி உணர்வது வாயுவின் பகுதி அழுத்தத்தை. எனவே அழுத்த ஈடு செய்யும் வசதி இல்லாத அளவியைச் சேலத்தில் 21 சதவீதத்துக்குச் சரிசெய்து மலைக்குக் கொண்டுசென்றால், அதே காற்றை அது ஏறத்தாழ 18 என்று காட்டும். பயன்படுத்தும் இடத்திலேயே சரிசெய்வது அவசியம்.

ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் ஆகிய மயக்க மருந்துகளின் ஆவியாக்கிகளில் ஆவியின் பகுதி அழுத்தம் பெரிதாக மாறாது. வழக்கமான அளவே போதும். டெஸ்ஃப்ளுரேனின் சூடேற்றும் ஆவியாக்கி சதவீதத்தை மாறாமல் வைத்திருப்பதால், கடல்மட்டத்தில் 6 சதவீதம் தரும் விளைவுக்கு இந்த உயரத்தில் சுமார் 7 வைக்க வேண்டும். கொண்டைஊசி வளைவுகளில் கருவியை ஏற்றிச் செல்லும்போது ஆவியாக்கி சாய்ந்தால், மருந்து திரவமாகவே வாயுப் பாதையில் இறங்கி அளவு மீறக்கூடும். அதனால் அதைக் காலிசெய்த பிறகே ஏற்ற வேண்டும்.

பராமரிப்பு

அன்றாடச் சோதனை மயக்கவியல் மருத்துவரின் பொறுப்பு. வால்வு, குழாய், அளவிகளைக் காலமுறைப்படி கழற்றிப் பார்ப்பது உயிர்மருத்துவப் பொறியாளரின் வேலை. தமிழகத்தில் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்து, கருவிக் கொள்முதலைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மேற்கொள்கிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பதிவேடு வைத்து, சோதித்த நாள், கண்ட குறை, மாற்றிய பாகம் ஆகியவற்றைக் குறித்து வந்தால், மீண்டும் மீண்டும் தலைகாட்டும் பழுதை அடையாளம் காணலாம்.