ரேஸுக்காகவே பிறந்த கார்: கோவையின் 'ஃபார்முலா மாருதி' கதை தெரியுமா?

ரேஸுக்குப் பேர்போன பழைய கார் என்றால் பலரும் அமெரிக்காவின் 'மசில் கார்'களைத்தான் சொல்வார்கள். அதில் செவர்லேயின் கமாரோ இசட்-28 ரொம்பப் பிரபலம். டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் 5 லிட்டருக்கு மேற்பட்ட இன்ஜின் கூடாது, அதே மாடல் கடையிலும் விற்பனையாகியிருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகவே 5 லிட்டரைத் தாண்டாத வி-8 இன்ஜினோடு 1967-ல் இதைக் கொண்டுவந்தார்கள். முதல் வருஷம் தயாரானது 602 கார்கள்.

நம்ம கொங்கு மண்டலத்திலும் ரேஸுக்காகவே ஒரு கார் பிறந்தது. இன்ஜின் வெறும் 796 சிசி. ஆமாம், மாருதி 800 காரில் இருக்கும் அதே மூன்று சிலிண்டர் இன்ஜின்தான்!

யார் செய்தது?

கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். சென்னை அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் அப்போது ரேஸ் நடக்கும். அங்கே ஓட்டி ஜெயித்தவர் இவர். காரை ஓட்டுவதோடு நிற்காமல் தானே கட்டவும் செய்தார்.

அன்றைக்கு ரேஸ் என்பது வசதியானவர்கள் சமாச்சாரம். நல்ல கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். இறக்குமதி வரியோ தலைசுற்ற வைக்கும். அப்படியே ஜெயித்தாலும், ஜெயித்தது ஆளா, அவர் காரா என்ற கேள்வி இருக்கும்.

1980-களின் கடைசியில் கரிவரதன் இதற்கு ஒரு வழி கண்டார். ஒற்றை இருக்கை, ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் மாருதி இன்ஜின், எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். இன்ஜின் உள்ளூரில் கிடைக்கும், ஸ்பேர் பார்ட்ஸ் உள்ளூரில் கிடைக்கும். பம்ப் செட், மில் மெஷின் என்று பழகிய லேத் பட்டறை ஊரில் மற்ற வேலைக்கு ஆள் பஞ்சமா என்ன? ஒரே மாதிரி கார் என்பதால் யார் திறமைசாலி என்பதும் டிராக்கிலேயே தெரிந்துவிடும்.

யாரெல்லாம் ஓட்டினார்கள்?

கோவைக்காரர் நரேன் கார்த்திகேயனின் ஆரம்பம் இந்த ஃபார்முலா மாருதியில்தான். 1992-ல் ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் ஓட்டிய அவர், 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1-ல் இறங்கினார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அதே வருஷம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 4-வது இடம், 5 புள்ளிகள். டயர் பிரச்னையால் அன்று 6 கார்கள்தான் ஓடின என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995-ல் சிறிய ரக விமான விபத்தில் அவர் இறந்துபோனார்.

கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான்: கரி மோட்டார் ஸ்பீட்வே. நீளம் சுமார் 2.1 கி.மீ. அமைத்தவர், ரேஸில் ஓட்டிய அனுபவமுள்ள எல்ஜிபி நிறுவனத்தின் பி.விஜயகுமார். ஈரோட்டிலிருந்து 100 கி.மீ. சுற்றளவுதான், காலையில் கிளம்பினால் ரேஸ் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.