படுவான்கரையும் குடும்பிமலையும்

கடலையும் மலையையும் ஒரே பயணத்தில் காண விரும்பும் நம்மவர், புலம்பெயர்ந்த நாடுகளில் நோர்வேயின் கரையோர வீதிகளைத் தேடிப் போகின்றனர். மட்டக்களப்பை எவரும் சொல்வதில்லை. இங்கே மலை கடலுக்குள் இறங்குவதில்லை என்பது உண்மையே. கடல், மணற்றிடல், வாவி, வயல், அப்பால் காடு, காட்டின் மேல் தனித்தனியாக எழும் பாறைக் குன்றுகள் என நிலம் மேற்கு நோக்கி அடுக்கடுக்காக விரிகிறது.

அந்தக் குன்றுகளைக் கப்பலோட்டிகள் முன்பே கவனித்திருந்தனர். 1602 மே மாதத்தில் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் இக்கரையை அடைந்து, உள்நாட்டு வழியே கண்டிக்குச் சென்று விமலதர்மசூரியனைச் சந்தித்தான். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கட்டிய கோட்டை 1638 மே மாதம் ஒல்லாந்தர் வசமாயிற்று. பின்வந்த ஆங்கிலேயர் ஒரு குன்றைத் 'துறவியின் முக்காடு' என்றும், மற்றொன்றைப் 'பிரபுவின் தொப்பி' என்றும் பொருள்பட அழைத்தனர். பின்னது சிங்களத்தில் தொப்பிகல, தமிழில் குடும்பிமலை. தத்தம் தலையில் இருப்பதைத்தானே மனிதர் மலையிலும் காண்பர்!

சூரியன் எழும் கரை எழுவான்கரை. படும் கரை படுவான்கரை. இரண்டுக்கும் நடுவே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது வாவி. மட்டக்களப்பாருக்குப் 'பாதை' என்றால் வீதி மட்டுமன்று, வண்டியையும் மனிதரையும் ஏற்றி வாவியைக் கடத்தும் மிதவையும்தான். ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரில் 1924இல் கல்லடிப் பாலம் வந்தது. நிலவிரவில் அங்கே மீன் பாடும் கதை உலகறிந்தது. படுவான்கரைக்கோ மண்முனைத்துறையில் பாதைதான் தொடர்ந்தது.

போர்க்காலத்தில் அந்தத் துறையே எல்லையாயிற்று. 1991 ஜூன் 12இல் துறையருகே கண்ணிவெடியில் படையினர் இறந்ததையடுத்து, கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவுப் பகுதியில் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். சனாதிபதி விசாரணைக் குழுவும் அமைந்தது. 2007 ஜூலை 11இல் குடும்பிமலை இராணுவத்தின் கைக்கு வந்தபோது, உலகச் செய்திகள் பெரும்பாலும் தொப்பிகல என்றே எழுதின. தமிழ்ப் பெயரைத் தேடியவர் சிலரே.

2014 ஏப்ரலில் யப்பானிய உதவியுடன் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. 210 மீற்றர் நீளம். வாகனத்தில் ஒரு நிமிடமும் ஆகாது. மாலையில் மேற்கு நோக்கிப் போகிறவர்கள் பாலத்தில் சற்று மெதுவாகச் செல்லுங்கள். நோயாளியையும் நெல்மூட்டையையும் வைத்துக்கொண்டு பாதைக்காகச் சனம் காத்துக்கிடந்த துறை அந்தப் பாலத்தடியில்தான் இருந்தது.