பெல்லா சாவ் பாடிய களையெடுப்புக்காரி

‘பெல்லா சாவ்’ பாட்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். டவுன்ல இருக்கிற பிள்ளைங்க ‘மணி ஹைஸ்ட்’ தொடர்ல கேட்டிருப்பீங்க. 2020-21ல டெல்லி எல்லையில விவசாயிங்க உட்கார்ந்திருந்தப்ப அதே மெட்டுல பஞ்சாபி வார்த்தை போட்டுப் பாடினாங்க. அப்பதான் நானும் முதல்ல கேட்டேன். அந்தப் பாட்டுக்கு நெல்வயல் பாட்டு ஒண்ணு கூடப் பிறந்திருக்குங்கிறது பின்னாலதான் தெரிஞ்சுது. அதை ஊரறியப் பாடினவங்க பேரு ஜொவான்னா தஃபினி. இத்தாலியில நெல்வயல்ல களை எடுத்து வயித்தைக் கழுவினவங்க. 1914ல மாந்துவா பக்கத்து கிராமத்துல பிறந்து 1969ல காலமானாங்க. 55 வயசு. எனக்கும் இப்ப அந்த வயசுதான்.

இத்தாலின்னா கோதுமைதானேன்னு நினைப்பீங்க. வடக்கே போ ஆத்துப் படுகையில வெர்செல்லி, நொவாரான்னு ரெண்டு ஜில்லா இருக்கு. கண்ணுக்கு எட்டுற தூரம் நெல்லுதான். ஆல்ப்ஸ் மலைப் பனி உருகி வர்ற தண்ணி. 1866ல வெட்டி முடிச்ச காவூர் வாய்க்கால்னு ஒரு பெரிய வாய்க்கால் அந்தப் பக்கத்தையே வளமாக்கிடுச்சு. படம் பார்த்தேன், நம்ம ஊரு மெயின் வாய்க்கால் மாதிரியேதான் இருக்கு, கரைதான் சுத்தம்.

நெல்லு இருந்தா களை இருக்கும்ல. நமக்குக் குதிரைவாலிப் புல்லு படுத்துற பாடு அவங்களுக்கும் உண்டு. இளசுல நெல்லா புல்லான்னு பிரிச்சுப் பார்க்க கண்ணு பழகியிருக்கணும். அந்த வேலைக்கு வருஷா வருஷம் மே, ஜூன் மாசத்துல ஆயிரக்கணக்கான பொம்பளைங்க ரயில் ஏறி வருவாங்க. ‘மொந்தீனா’ன்னு அவங்களுக்குப் பேரு. களை எடுக்கிறவள்னு அர்த்தம். சுமார் நாப்பது நாள் வேலை. முழங்கால் தண்ணியில நாள் பூரா குனிஞ்ச முதுகு. தலையில பெரிய வைக்கோல் தொப்பி. அட்டை, கொசு, மலேரியா. ராத்திரி பண்ணைக் கொட்டகையில வரிசையா படுக்கை. கூலி கொஞ்சம் காசு, அதோட நாளைக்கு ஒரு கிலோ அரிசி. பணத்தோட தானியமும் சேர்த்து அளக்கிற கூலி நமக்குப் புதுசு இல்ல. எட்டு மணி நேர வேலை வேணும்னு 1906லயே வெர்செல்லியில போராடினவங்க இந்தப் பொம்பளைங்க. மே தினத்தன்னைக்கு நாம கொடி ஏத்துறப்ப ஆலைத் தொழிலாளிங்க ஞாபகம்தான் வருது. வயல்ல நின்னவங்களும் அதைக் கேட்டு வாங்கியிருக்காங்க.

தஃபினியும் சின்ன வயசுலயே அந்தக் கூட்டத்துல போனவங்க. கல்யாணம் கட்டினது வித்தோரியோ கார்பின்னு ஒரு வயலின்காரரை. அவர் வயலின், இவங்க கிதார். கல்யாண வீடு, சந்தை, திருவிழான்னு ரெண்டு பேருமா பாடிப் பிழைச்சாங்க. நம்ம பக்கம் வில்லுப்பாட்டுக்காரங்க மாதிரி, கதையைப் பாட்டா சொல்றவங்க.

1943 செப்டம்பர்ல இத்தாலி சண்டையிலிருந்து விலகினதும் ஜெர்மன்காரன் வடக்குப் பகுதியைப் பிடிச்சுக்கிட்டான். முசோலினியை மறுபடியும் பொம்மையா உட்கார வச்சான். அப்ப ஊர் ஊரா ஜனங்க ஆயுதம் எடுத்தாங்க. தஃபினியும் அதுல சேர்ந்தவங்க. பொம்பளைங்க சைக்கிள்ல போய் சேதி கொண்டுபோறது, மருந்து, சாப்பாடு, துப்பாக்கிவரைக்கும் காய்கறிக் கூடைக்கு அடியில மறைச்சுக் கொண்டுபோறதுன்னு செஞ்சாங்க. பிடிபட்டா சித்திரவதை, சாவு. போராளின்னே கணக்குல வந்த பொம்பளைங்க சுமார் 35,000 பேர்.

அவங்க குடியிருந்த குவால்தியேரி, ரெஜியோ எமிலியா ஜில்லாவுல இருக்கு. செர்வி அண்ணன் தம்பிங்க ஏழு பேரும் அதே ஜில்லாதான். குத்தகை விவசாயிங்க. 1939ல டிராக்டர் வாங்கி வீட்டுக்கு ஓட்டிட்டு வர்றப்ப கூடவே ஒரு உலக உருண்டையும் வாங்கிட்டு வந்தாங்களாம். டிராக்டர் வாங்குற அன்னைக்கு நமக்கு மாலையும் எலுமிச்சம்பழமும்தான் தோணும். அந்த ஏழு பேரையும் 1943 டிசம்பர் 28ஆம் தேதி ஒரே நாள்ல நிக்க வச்சுச் சுட்டுட்டாங்க. அப்பா அல்சீதே மிஞ்சினார். அந்த மண்ணுலதான் தஃபினி சண்டைக்கு அப்புறமும் பாடிக்கிட்டு இருந்தாங்க.

1962ல ஜான்னி போசியோ, ரொபெர்த்தோ லெய்தின்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க டேப் ரெக்கார்டரோட குவால்தியேரி வந்தாங்க. தஃபினி பாடின பாட்டுகள்ல ஒண்ணு பெல்லா சாவ். ஆனா அதுல போராளியோட சாவு இல்ல. காலையில எந்திரிச்சு வயலுக்குப் போறது, கொசுக்கடி, கோலோட நிக்கிற முதலாளி, ஒருநாள் விடுதலையா வேலை செய்வோம்ங்கிற நம்பிக்கை, இதுதான் அதுல. கேட்டவங்களுக்கு ஒரே சந்தோஷம், இதுதான் மூலப் பாட்டு, களையெடுப்புக்காரிங்ககிட்டேயிருந்துதான் போராளிங்க எடுத்துக்கிட்டாங்கன்னு.

1965ல அது உடைஞ்சுது. அதே குவால்தியேரிக்காரர் வாஸ்கோ ஸ்கன்சானி பத்திரிகைக்குக் கடுதாசி எழுதினார், அந்த வயல் பாட்டு வரிகளை 1951ல எழுதினது நான்தான்னு. ஆக, போராளிப் பாட்டு முந்தி, வயல் பாட்டு பிந்தி. இதை வச்சு தஃபினியைக் குறைச்சுப் பேசுறவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணல. அந்தப் பாட்டுல இருக்கிற முதுகுவலி அவங்க அனுபவிச்சது. எங்க ஊர் நடவுப் பாட்டுலயும் மெட்டு பழசு, நடுவுல வர்ற வரி அந்த வருஷத்து வம்பு.

1964ல ஸ்போலெத்தோ விழாவுல ‘பெல்லா சாவ்’ங்கிற பேருலயே கிராமியப் பாட்டு நிகழ்ச்சி. கோட்டு சூட்டு போட்ட கூட்டம். முதல் உலகப்போர் அதிகாரிகளைச் சபிக்கிற ஒரு பாட்டைப் பாடினதும் அரங்கமே ரெண்டுபட்டுப் போச்சு, பாடினவர் மேல வழக்கு வரைக்கும் போச்சு. தஃபினி பாடுறப்ப, எங்க வீட்டு வேலைக்காரி பாடுறதைக் கேட்கவா டிக்கெட் வாங்கினேன்னு ஒரு அம்மா எழுந்து கத்தினாங்கன்னு, கூடப் பாடின ஜொவான்னா மரீனி பிற்காலத்துல சொல்லியிருக்காங்க. மரீனி சங்கீதம் முறையாப் படிச்சவங்க. அவங்களே தஃபினியோட குரலைக் கேட்டுத்தான் கிராமத்துப் பாட்டை எப்படிப் பாடணும்னு கத்துக்கிட்டாங்க.

யூடியூப்ல தஃபினி பாட்டு இருக்கு, தேடிக் கேளுங்க. இனிமையான குரல்னு சொல்ல மாட்டேன். அடித்தொண்டையில இருந்து எடுத்து, வயலோட அந்தக் கரைக்குக் கேட்கிற மாதிரி வீசுற குரல். பக்கத்துல கார்பி வயலின் இழைஞ்சு இழைஞ்சு வரும்.

அவங்க சாகிறதுக்குள்ளயே களைக்கொல்லி வந்து களை எடுக்கிற வேலையே அத்துப் போச்சு. அறுபதுகளோட ரயில் ஏறி வர்ற பொம்பளைங்க நின்னுட்டாங்க. அவங்க பிறந்த மொத்தெஜியானாவுல, கதைப்பாட்டு எழுதுறவங்களுக்கு அவங்க பேருல ஒரு போட்டி வச்சாங்க. பழைய பாட்டு செல்லாது, புதுசா எழுதணும்.